விஷுவல் பேசிக் 6-இல் எச்.எம்.ஏ.சி. கையொப்பம்: தமிழ் வந்தாலும் உடையாமல் செய்வது எப்படி?

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. நெல்லை நிறுத்தவுடன் விவசாயியின் பெயர், மூடைக் கணக்கு, தொகை மூன்றும் தமிழில் குறுஞ்செய்தியாக அவருடைய கைப்பேசிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். ஆலையின் கணக்கு மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டது. தரவு அக்சஸ் கோப்பில் இருக்கிறது. குறுஞ்செய்திச் சேவையோ ஒவ்வொரு கோரிக்கையுடனும் எச்.எம்.ஏ.சி.-எஸ்.எச்.ஏ-256 கையொப்பம் கேட்கிறது; அதாவது, நமக்கும் சேவைக்கும் மட்டும் தெரிந்த இரகசியத் திறவுகோலைக் கொண்டு செய்தியிலிருந்து கணக்கிடும் ஒரு முத்திரை.

எல்லாவற்றையும் புதிய மொழியில் எழுதிவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்போக அறுவடை நடக்கும்போது கணக்கு மென்பொருளை மாற்ற எந்த ஆலைக்காரரும் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் கூடாது. இந்த மொழியின் நிரலாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆனாலும் அதில் எழுதிய மென்பொருள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. ஆகவே உள்ளதை வைத்தே செய்வோம். ஃபோர்ம், மொடியூல், பைட் அணி ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். இரகசியத் திறவுகோலைச் சுழியங்கள் சேர்த்து 64 பைட்டாக நிரப்புவார்கள்; 64-ஐவிட நீளமானால் முதலில் அதையே ஹாஷ் செய்வார்கள் (ஹாஷ் என்பது எவ்வளவு நீளமான தரவையும் 32 பைட்டாகச் சுருக்கும் ஒருவழிக் கணக்கு; இங்கே எஸ்.எச்.ஏ-256). அதன் ஒவ்வொரு பைட்டையும் 54-உடன் எக்ஸோர் செய்து, செய்தியை அதன் பின்னே ஒட்டி ஹாஷ் எடுப்பார்கள். பிறகு அதே திறவுகோலை 92-உடன் எக்ஸோர் செய்து, முதல் ஹாஷைப் பின்னே ஒட்டி மறுபடியும் ஹாஷ். முடிவு 32 பைட். திறவுகோலையும் செய்தியையும் ஒட்டி ஒரே ஒரு முறை ஹாஷ் செய்தால் போதாதா? போதாது. எஸ்.எச்.ஏ-256-இல் அப்படிச் செய்தால், திறவுகோல் தெரியாதவரும் செய்தியின் வாலில் வேறு எதையாவது சேர்த்துச் செல்லுபடியாகும் கையொப்பம் ஒன்றை உண்டாக்கலாம். இந்த இரட்டை ஹாஷ் 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2104 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் விளக்கப்பட்டிருக்கிறது.

முதல் வேலை கருவியைத் தேர்வது. எஸ்.எச்.ஏ-256-ஐ முழுக்க விஷுவல் பேசிக்கிலேயே எழுதிய நிரல்கள் கிடைக்கின்றன. நான் அவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன். இந்த மொழியில் குறியற்ற 32-பிட் எண் கிடையாது. சாதாரணக் கூட்டலே ஓவர்ஃப்ளோ பிழை தரும், அதைச் சுற்றிப்போக எழுதும் வரிகளில்தான் பிழை ஒளிந்திருக்கும். வெளி நிரல் ஒன்றைக் கட்டளை வரியில் அழைப்பது இன்னும் மோசம்: இரகசியத் திறவுகோல் டாஸ்க் மனேஜரிலேயே தெரிந்துவிடும். டொட் நெட் தரும் எச்மாக்எஸ்எச்ஏ256 பொருளை கிரியேட்ஒப்ஜெக்ட் மூலம் எடுங்கள். அதற்கு விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘விண்டோஸ் அம்சங்கள்’ பகுதிக்குப் போய் டொட் நெட் 3.5-ஐ இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியிலேயே ‘ஓட்டோமேஷன்’ பிழை வரும்.

அடுத்தது எழுத்தைப் பைட்டாக மாற்றுவது. அவசரப்படாமல் படியுங்கள், கையொப்பம் செல்லாது என்று சேர்வர் 401 அனுப்புவதற்குக் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கும்.

கையொப்பம் எழுத்துகளின் மீது இடப்படுவதில்லை, பைட்டுகளின் மீதுதான் இடப்படுகிறது. பழைய நிரல் மாதிரிகள் பலவற்றில் இதற்கு ஸ்ட்ரிங்கொன்வ் பயன்படுத்தியிருப்பார்கள். அது எழுத்துகளைக் கணினியின் பழைய ஏ.என்.எஸ்.ஐ. குறிமுறைக்கு மாற்றும். ஆங்கிலத்துக்கு அது, யுனிகோட் எழுத்துகளைப் பைட்டாக்கும் இன்றைய முறையான யூ.டி.எஃப்-8-உடன் அச்சொட்டாகப் பொருந்தும். தமிழுக்கு ஏ.என்.எஸ்.ஐ. குறிமுறையே கிடையாது. ஆகவே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். பைட் எண் 63. நீங்கள் கேள்விக்குறி வரிசைக்குக் கையொப்பமிடுகிறீர்கள். அதே செய்தியை அனுப்பும் பொருளோ சரியான யூ.டி.எஃப்-8 ஆக அனுப்புகிறது. இரண்டு பக்கக் கணக்கும் எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று ஆலைக்குக் கொண்டுபோனால், முதல் விவசாயியின் பெயரிலேயே நிற்கும்.

யூ.டி.எஃப்-8-க்கு ஏ.டி.ஓ. ஸ்ட்ரீமைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும்: அது தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைத் தானாகவே சேர்க்கும். அவற்றைத் தாண்டி வாசிக்காவிட்டால் கையொப்பம் மாறிவிடும். டொட் நெட்டின் யூடிஎஃப்8என்கோடிங் பொருளின் கெட்பைட்ஸ்_4 முறை அப்படிச் சேர்ப்பதில்லை; என் தெரிவு அதுதான். சோதித்துப் பார்க்க அகரம் ஒன்றே போதும். நிரல் எழுதும் திரையில் தமிழைத் தட்ட முடியாது என்பதால் சிஎச்ஆர்டபிள்யூ சார்புக்கு 2949 கொடுங்கள். 224, 174, 133 என்று மூன்று பைட் வந்தால் சரி. 63 வந்தால் எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது.

இன்னொன்று. நம் பகுதியில் பழைய தரவுத்தளங்கள் பலவற்றில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவை கோப்பில் உண்மையில் ஆங்கில எழுத்துகளே. கையொப்பம் பிழையில்லாமல் போகும், விவசாயியின் கைப்பேசியில் குப்பை வந்து சேரும். கையொப்பத்துக்கு முன்பே யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இனிக் கையொப்பம். திறவுகோலையும் கெட்பைட்ஸ்_4 மூலம் பைட்டாக்கி, பொருளின் ‘கீ’ பண்பில் வையுங்கள். செய்திப் பைட்டுகளைக் கம்ப்யூட்ஹாஷ்_2 முறைக்குக் கொடுங்கள். எண் இல்லாத கம்ப்யூட்ஹாஷ் வேறு வகைத் தரவை எதிர்பார்க்கும். செய்தி அணியை இரட்டை அடைப்புக்குறிக்குள் இடுவது கட்டாயம். அப்போதுதான் மதிப்பாகப் போகும், இல்லாவிட்டால் வகைப் பிழை வரும்.

கிடைத்த 32 பைட்டையும் பதினறும எழுத்தாக்கும்போது ஹெக்ஸ் சார்பு 16-க்குக் குறைந்த எண்ணுக்கு ஓர் எழுத்து மட்டுமே தரும். முன்னால் சுழியம் சேர்த்து வலப்பக்க இரண்டை எடுங்கள், பிறகு சிற்றெழுத்தாக்குங்கள். மொத்த நீளம் 64 இருக்க வேண்டும்.

சேர்வருக்கு அனுப்புமுன் ஆர்.எஃப்.சி. 4231-இன் முதல் சோதனையைச் செய்யுங்கள். திறவுகோல்: 11 என்ற பைட் 20 தடவை. செய்தி: 72, 105, 32, 84, 104, 101, 114, 101. விடை 176, 52, 76, 97 என்று தொடங்கி 207, 247 என்று முடிய வேண்டும்.

அனுப்பும்போது செய்தியை மறுபடி உருவாக்காதீர்கள். கையொப்பமிட்ட அதே பைட் அணியையே கோரிக்கையை அனுப்பும் சேர்வர்எக்ஸ்எம்எல்எச்டிடிபி பொருளின் ‘செண்ட்’ முறைக்குக் கொடுங்கள். இடையில் ஒரு வெற்றிடமோ வரி முறிவோ மாறினாலும் கையொப்பம் செல்லாது.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் நிராகரிக்கப்படுகிறது என்று காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். கையொப்பம் சரி, கோரிக்கை எப்போது அனுப்பப்பட்டது என்று காட்டும் நேரமுத்திரைதான் சிக்கல். 1970 ஜனவரி 1 முதல் ‘நவ்’ வரை டேட்டிஃப் கொண்டு வினாடிகளை எண்ணினால் இலங்கை நேரம்தான் கிடைக்கும். சேவை எதிர்பார்ப்பது யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்த கோரிக்கையை எந்தச் சேர்வர் ஏற்கும்? 19800-ஐக் கழியுங்கள். கழித்த எண்ணையே கையொப்பமிடும் வாசகத்திலும் தலைப்புப் பகுதியிலும் வையுங்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியே ‘நவ்’ அழைத்தால் இடையில் ஒரு வினாடி மாறி, எப்போதாவது ஒரு கோரிக்கை மட்டும் காரணம் தெரியாமல் தோற்கும்.