யூகாஸில் நர்சிங் விண்ணப்பம்: பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதுவது எப்படி?

இங்கிலாந்தில் கேர் ஹோம் (முதியோர் பராமரிப்பு இல்லம்) வேலை பார்த்துக்கொண்டே, பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் அங்குள்ள பொது அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பித்து, அடல்ட் நர்சிங்கில் இடம் வாங்கியவள் நான். யூகாஸில் கணக்கு திறப்பது, மதிப்பெண் நிரப்புவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நேராக பர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்கு, அதாவது விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் பகுதிக்கு வருகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளை முதலில் மூடி வையுங்கள். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை என்ற முறை போய்விட்டது. இப்போது மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன் வேண்டும், இதுவரை படித்தது இதற்கு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் உதவும். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட, 4,000 எழுத்துகள். ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது 350 இருக்க வேண்டும். சமமாகப் பங்கு போட வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு மூன்றாவது பெட்டிதான் பெரிதாக வந்தது.

படி 1: பிரிவை முடிவு செய்யுங்கள்

நம்மூரில் பி.எஸ்சி நர்சிங் ஒரே படிப்பு. இங்கே அடல்ட், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவுகள். விண்ணப்பிக்கும்போதே தேர்வு செய்ய வேண்டும். ஐந்து இடங்கள் வரை போடலாம், ஆனால் ஐந்துக்கும் போவது ஒரே ஸ்டேட்மென்ட். அதனால் அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதாதீர்கள். இரண்டு பிரிவு போடுவோம், மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் படிப்பு) ஒன்றும் போட்டு வைப்போம் என்று கலந்தால் எதற்குமே பொருந்தாமல் போகும்.

படி 2: மூன்றாவது பெட்டியை முதலில் எழுதுங்கள்

நான் ரொம்ப நாள் சிக்கிக்கொண்டிருந்தது இங்கேதான். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது என்று வேலைகளை வரிசையாக எழுதினால் பெட்டி நிறையும். ஆனால் கேர் ஹோமில் வேலை பார்த்த எல்லோருக்கும் அதே பட்டியல்தான். வாசிப்பவருக்கு அதில் உங்களைப் பற்றி எதுவும் கிடைக்காது.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன கவனித்தீர்கள், என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு உங்கள் வேலையில் என்ன மாறியது. நான் எழுதியது இது. டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள ஒரு முதியவர் திடீரென்று சாப்பிட மறுத்தார். பிடிவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பல்செட்டைக் கழற்றும்போது ஈறு புண்ணாகி இருந்ததைப் பார்த்தேன். நர்ஸிடம் சொன்னேன், குறிப்பேட்டிலும் எழுதினேன். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் எதையாவது மறுத்தால், எங்காவது வலிக்கிறதா என்று முதலில் பார்ப்பது அன்றிலிருந்து என் பழக்கம். அவ்வளவுதான். வீர தீரச் செயல் எதுவும் தேவையில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை: அந்த முதியவரின் பெயர், ஹோமின் பெயர், அவரை அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. நோயாளியின் ரகசியம் காப்பது நர்சிங் கவுன்சிலின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விண்ணப்பத்திலேயே அதை மீறினால் எப்படி?

அப்புறம் அந்த 'ஆறு சி' மோகம். நர்ஸுக்கு வேண்டிய குணங்கள் என்று இங்கே சொல்லப்படும், ஆங்கிலத்தில் C-யில் தொடங்கும் ஆறு வார்த்தைகள் அவை. கம்பாஷன், கரேஜ், கமிட்மென்ட் என்று வரிக்கு ஒன்று தூவுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் ஒன்றுகூட வேண்டாம். மேலே சொன்ன சம்பவத்தில் அக்கறை தெரியாவிட்டால், அந்த வார்த்தையைப் போட்டாலும் தெரியாது.

படி 3: மற்ற இரண்டு பெட்டிகள்

படிப்பைப் பற்றிய கேள்விக்கு மதிப்பெண்களைத் திரும்ப எழுதாதீர்கள், அவை விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. நான் வணிகவியல் படித்துவிட்டு அக்சஸ் டிப்ளமோ (பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி தரும் படிப்பு) செய்தவள். நோய்த்தொற்றுத் தடுப்பு பற்றிய அசைன்மென்ட்டையும், மருந்தளவு கணக்கிடக் கைகொடுக்கும் என் கணக்குப் பழக்கத்தையும் எழுதினேன்.

'ஏன்' என்ற முதல் கேள்வியைக் கடைசியில் எழுதுங்கள். 'சிறுவயதிலிருந்தே சேவை செய்ய ஆசை' என்று தொடங்க வேண்டாம். மருத்துவம், பிசியோதெரபி எல்லாம் இருக்க, நர்சிங் ஏன் என்பதுதான் கேள்வி.

படி 4: எங்கே எழுதுவது

யூகாஸ் பெட்டியில் நேரடியாக வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் வெளியேற்றிவிடும். எனக்கு கூகுள் டாக்ஸ் போதும், எழுத்து எண்ணிக்கையையும் காட்டும். சாட்ஜிபிடியிடம் முழுதாக எழுதி வாங்குவது மோசடியாகக் கருதப்படலாம். ஏற்கெனவே வந்த ஸ்டேட்மென்ட்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளும் யூகாஸிடம் உண்டு. அதைவிட, நேர்காணலில் நீங்கள் எழுதியதிலிருந்தே கேட்பார்கள். உங்களுக்கு நடக்காததைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவீர்கள்?

பிற்சேர்க்கை: கேர் ஹோம் அனுபவமே இல்லை, என்ன எழுதுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பாட்டிக்கு இன்சுலின் நேரம் பார்த்துக் கொடுத்தது, கடையில் கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்தது, எல்லாமே செல்லும், அதே மூன்று விஷயங்களோடு சொன்னால்.

இன்னொரு கேள்வி: மருத்துவத்துக்கும் நர்சிங்குக்கும் சேர்த்துப் போடலாமா? மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு இடம், ஐந்தாவதாக வேறு படிப்பு போடலாம். ஆனால் கெடு அக்டோபர் 15. நர்சிங்குக்கு மட்டும் என்றால் ஜனவரி நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. ஸ்டேட்மென்ட் ஒன்றேதான் என்பதால், ஐந்தாவது இடத்தில் நர்சிங்கைப் போடும் முன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.