ஆபரேஷனுக்கு முன் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் சிலர் யாரையும் கேட்காமல், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ‘அது புண்ணை ஆறவிடாது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதி உண்மைதான். தையல் போட்ட இடம் முதல் சில நாள் லேசாகச் சிவந்து வீங்குவது, வெள்ளையணுக்கள் வந்து இடத்தைச் சுத்தம் செய்வதன் அடையாளம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு அதை அடக்குகிறது. பிறகு, புண்ணை மூட உதவும் கொலாஜன் என்ற புரதத்தை உருவாக்கும் செல்களையும் மந்தமாக்குகிறது.

ஆனால் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு, சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரப்பதையே குறைத்திருக்கும். திடீரென நிறுத்திவிட்டு ஆபரேஷனுக்குப் போனால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புண் நாலு நாள் தாமதமாக ஆறுவது எவ்வளவோ மேல்.

எல்லா மருந்தையும் ஒன்றாக நினைப்பதும் தவறு. முடக்குவாதத்துக்கு எடுக்கும் மெதோட்ரெக்சேட்டைப் பெரும்பாலும் தொடரவே சொல்கிறார்கள். (வாரம் ஒரே நாள் எடுக்கும் மருந்து அது. சீட்டில் ‘தினமும்’ என்று இருந்தால் வாயில் போடுவதற்கு முன் கேளுங்கள்.) அதே நோய்க்குப் போடும் அடாலிமுமாப் போன்ற ஊசி வேறு ரகம். மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால், அடுத்த ஊசி போட வேண்டிய நாளை ஒட்டித் தேதி வைப்பார்கள். காயம் நன்றாக ஆறியபின், பெரும்பாலும் 2 வாரம் கழித்து, ஊசியைத் திரும்பத் தொடங்குவார்கள். புண் ஆறும் விஷயத்தில் அதிகம் தொல்லை தருவது, உறுப்பு மாற்றுக்குப் பின் தரும் சிரோலிமஸ். புதுத் திசு வளர்வதையே தடுப்பதால், உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு ஆபரேஷன் சமயத்தில் அதை மாற்றித் தருவதுண்டு. அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால் மோசமான தவறு, காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது. புண்ணை மெதுவாக ஆறவைக்கும் மருந்தே காய்ச்சலையும் சிவப்பையும் மறைத்துவிடும். காய்ந்திருந்த பேண்டேஜில் ஐந்தாம் நாள் காலை கட்டைவிரல் நகம் அளவுக்குப் புதுக் கறை என்று வையுங்கள். உடம்பு சுடவில்லை, வலியும் பெரிதாக இல்லை. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். அன்றே காட்டுங்கள்.

அப்புறம், உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்குத் தரும் டாக்ரோலிமஸ் எடுப்பவர் தையல் வலிக்குத் தானாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். எழுதித் தருபவர் வேறு மருத்துவராக இருந்தால், முழு மருந்துப் பட்டியலையும் அவரிடம் நீட்டுங்கள்.