ஆணுறை, எச்.ஐ.வி. பரிசோதனை: புதிதாகக் குடியேறியவர்களுக்கு

ஊர்விட்டு வந்த நம்மவர்களிடையே எச்.ஐ.வி. பற்றிய பேச்சு எழுவதே அரிது. ஆணுறை என்றாலே துணைவர் தம்மைச் சந்தேகிப்பதாக எண்ணிவிடுவாரோ என்ற அச்சமும், ஒருவருக்கொருவர் தெரிந்த சிறிய சமூகத்தில் செய்தி பரவிவிடுமோ என்ற தயக்கமுமே அறியாமையைக் காட்டிலும் பெரிய தடைகள் என்று கருதுகிறேன். ஒருவர் முன்னதாக வந்து, நெடுங்காலப் பிரிவுக்குப் பின் மற்றவர் வந்து சேரும் குடும்பங்களில் இத்தயக்கம் இன்னும் அதிகம். இருவரும் பரிசோதனை செய்துகொள்வது, முடிவு தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துவது என்று பயணத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டால், அது ஒருவர் மீது மற்றவர் சுமத்தும் பழியாகத் தோன்றாது.

மருத்துவரிடம் செல்லும்போது உறவினரையோ பிள்ளைகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். "வேறு யாருடனாவது உறவு இருந்ததா?" என்ற கேள்வியைக் கணவரே மனைவியிடம் மொழிபெயர்த்துக் கேட்டால், "இல்லை" என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்ல முடியும்? முன்பதிவின்போதே தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். அவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று அஞ்சினால், தொலைபேசி வழியாக, உங்கள் பெயரைச் சொல்லாமல் மொழிபெயர்க்க முடியுமா என்றும் கேட்கலாம். சில நாடுகளில் விசா நடைமுறையிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை இருப்பதால், முடிவு யாருக்கெல்லாம் தெரிவிக்கப்படும் என்பதை இரத்தம் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆணுறையின் உறையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். விரலால் அழுத்தும்போது உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். பல்லால் கிழிக்கக் கூடாது. எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸ் ஆணுறையை நலிவடையச் செய்து கிழித்துவிடும் என்பதால், நீர் அல்லது சிலிக்கோன் சார்ந்த, வழவழப்பூட்டும் மசகையே பயன்படுத்த வேண்டும்.

முறையாக மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. இதை நம்மவர்களில் பலர் அறியாததால், தொற்றுள்ளவர்களைத் தேவையின்றி ஒதுக்கிவைக்கும் கொடுமை இன்றும் தொடர்கிறது. கிரந்தி, வெட்டை போன்ற பிற பால்வினை நோய்களைத் தடுக்க ஆணுறை அப்போதும் தேவை. தொற்றில்லாதவர்கள் முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மருந்தும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆணுறை கிழிந்துவிட்டாலோ, பாதுகாப்பின்றி உறவு நேர்ந்துவிட்டாலோ, எச்.ஐ.வி. தொற்றியிருக்க வாய்ப்புண்டு என்றால், 72 மணி நேரத்துக்குள் அவசரத் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறீர்களோ அவ்வளவு பயன். இரவோ விடுமுறை நாளோ ஆனால், பாலியல் நல மையம் திறக்கும்வரை காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்.