வாடியிருக்கிறதே என்று ஊற்றாதீர்கள்

என்னுடைய முதல் பீஸ் லில்லி தொங்கிப்போய் நின்றபோது ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் நிமிரவில்லை, இன்னொரு குவளை. ஒரே வாரத்தில் செடி போயிற்று. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண் சேறாக இருந்தது, வேரெல்லாம் பழுப்பாக அழுகி நாறியது.

வீட்டுக்குள் இலைச்செடி வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடும், பார்ப்பவருக்கு அது தாகம் போலத் தெரியும். இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் விரலை ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குவளையைக் கீழே வைத்துவிடலாம். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம், காய்ந்த தொட்டியின் கனமே வேறு. ஸ்னேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் போன்றவை தண்ணீரைத் தமக்குள்ளேயே சேமிப்பவை. அவற்றின் மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

“வாரம் இரண்டு முறை ஊற்றுங்கள்” என்ற அறிவுரையை நான் நம்புவதில்லை. ஜன்னலோரத்துச் செடி குடிக்கும் அளவுக்கு இருட்டு மூலையில் நிற்கும் செடி குடிக்காது. நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் மூலையும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி அறைக்குள் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ‘குறைந்த வெளிச்சம் போதும்’ என்று எழுதி விற்கும் செடியும் அங்கே சாகாமல் இருக்கும், அவ்வளவுதான். கணு இடைவெளி நீண்டு, புது இலை சிறுத்து, இயல்பாகவே கிழிசல் விழும் மான்ஸ்டெரா இலை அது இல்லாமல் வந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அதற்காக உச்சிவெயிலில் நேராகக் கொண்டுபோய் வைத்தால் இலை கருகும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பிப் படுக்கையறை இருட்டில் செடியை அடைப்பவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு மூலமான 1989 நாசா ஆய்வு, காற்றுப்புகாத சிறு அறைகளுக்குள் நடந்தது. ஜன்னலும் கதவும் உள்ள வீட்டில் ஓரிரு தொட்டிகளால் அந்த வித்தை நடக்காது.

சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் காயாது. அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பதும் தவறு. நனைந்த மண் கல்லுக்கு மேலேயே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரம் வேருக்கு இன்னும் நெருங்கும். துளையுள்ள தொட்டியும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைப் பொரிகல் கலந்த பொலபொலப்பான மண்ணும் அதைவிட மேல்.

இலையில் தண்ணீர் தெளிப்பதால் கூடும் ஈரப்பதம் சில நிமிடங்களே நிற்கும். ஈரத்துணியால் தூசியைத் துடைப்பது பயனுள்ள வேலை. நோயுற்ற செடிக்கு உரம் போடாதீர்கள், உப்பு ஏறி மிச்ச வேரும் கருகும். முதலில் அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். புது இலை விட்ட பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.