அயான் பேர் மொபைல் ஃபேஸ் – அவசரப்பட்டா ஆர்டி ஓடிட்டே இருக்கும்

எச்பிஎல்சின்னா மொபைல் ஃபேஸ்ங்கற திரவத்தைக் காலம் (column, உள்ள துகள் அடைச்ச குழாய்) வழியா ஓட்டி சாம்பிளைப் பிரிக்கிற முறை, ஒரு பொருள் காலத்தை விட்டு வெளிய வர்ற நேரம்தான் ஆர்டி (ரிட்டென்ஷன் டைம்). மெட்ஃபார்மின், தயமின், டோபமைன் மாதிரி சார்ஜ் உள்ள ஐட்டம்லாம் சாதா சி18 காலம்ல (நீளமான கார்பன் சங்கிலி ஒட்டுன சிலிக்கா) நிக்காது, வாய்ட்லயே, அதாவது எதுலயும் ஒட்டாம ஆரம்பத்துலயே, வெளிய வந்துடும். அதை நிறுத்தத்தான் ஹெப்டேன் சல்ஃபோனேட், ஆக்டேன் சல்ஃபோனேட்லாம் போடுறோம், ஆசிட் காம்பவுண்டுன்னா டெட்ராபியூட்டைல் அமோனியம் உப்பு. எதிர் சார்ஜ் உள்ள இதுங்களைத்தான் அயான் பேர் ரீஏஜென்ட்னு சொல்றோம். இதையும் பாஸ்பேட் பஃபர் மாதிரியே நினைச்சு ஓட்டுறதுலதான் எல்லா வம்பும் ஆரம்பிக்குது. பஃபர் காலம் வழியா போய்ட்டே இருக்கும். இது அப்படி இல்ல, வால் பக்கம் சி18 மேல ஒட்டிக்கும், சார்ஜ் உள்ள தலை வெளிய நீட்டிட்டு இருக்கும், அதாவது நீங்க வாங்குன காலமே பாதி அயான் எக்ஸ்சேஞ்ச் காலமா மாறிடுது. அந்த மாற்றம் முடியறதுக்கு டைம் வேணும், அதைக் குடுக்காம இன்ஜெக்‌ஷன் போடுறதுதான் முதல் தப்பு.

கணக்கு போட்டுப் பாருங்க. 150 x 4.6 மிமீ காலம்னா உள்ள நிக்கிற திரவம் சுமார் 1.5 மிலி. 5 மில்லிமோலார் மொபைல் ஃபேஸ் ஒரு தடவை நிரம்புனா உள்ள போற ரீஏஜென்ட் 7.5 மைக்ரோமோல்தான், சர்ஃபேஸ் கேக்கறது அதைவிட எத்தனையோ மடங்கு. அதனால 20 காலம் வால்யூம் குறைஞ்சபட்சம், 50 ஆனாலும் ஆச்சரியப்படாதீங்க, 50ன்னா 75 மிலி, நிமிஷத்துக்கு 1 மிலி ஓட்டுனா ஒண்ணேகால் மணி நேரம். ரீஏஜென்டோட கார்பன் சங்கிலி நீளமா இருந்தா இன்னும் லேட்டாகும், ரீஏஜென்ட் டைல்யூட்டா இருந்தாலும் அதே கதைதான். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு: பேஸ்லைன் நேராயிடுச்சு, பிரஷர் நின்னுடுச்சு, ஸ்டார்ட் பண்ணலாம்னு தோணும், ஆனா அல்கைல் சல்ஃபோனேட் யூவி டிடெக்டர்ல தெரியவே தெரியாது, அதனால அது காலம்ல ஏறி முடிஞ்சுதா இல்லையான்னு பேஸ்லைன் சொல்லாது. ஸ்டாண்டர்டை அடுத்தடுத்து போட்டு ஆர்டி ஒரே இடத்துல நிக்குதான்னு பாக்கறது ஒண்ணுதான் வழி. பேஸ் (காரம்) காம்பவுண்டோட ஆர்டி ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிட்டே போனா பம்ப் மேல பழி போடாதீங்க, ரீஏஜென்ட் இன்னும் ஏறிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இதே காரணத்தாலதான் கிரேடியன்ட் (ரன்னுக்குள்ளயே மொபைல் ஃபேஸ் கலவையை மாத்தறது) வேண்டாம்னு சொல்றது. ஆர்கானிக் (மெத்தனால், அசிட்டோநைட்ரைல் மாதிரி கரைப்பான்) ஏற ஏற ஒட்டியிருந்தது கழண்டு வரும், திரும்ப ஆரம்ப கண்டிஷனுக்கு வந்ததும் மறுபடி ஏறணும், ஒவ்வொரு ரன்னுக்கும் நடுவுல அவ்வளவு நேரம் யாரு குடுக்கப் போறா. கிரேடியன்ட் போட்டே ஆகணும்னா ஏ, பி ரெண்டு பாட்டில்லயும் ஒரே அளவு ரீஏஜென்ட் இருக்கணும், அதுவும் குட்டை சங்கிலியா பாத்து எடுங்க.

அடுத்தது எடை போடற இடம். சோடியம் ஆக்டேன் சல்ஃபோனேட் பாட்டில் ரெண்டு விதமா வரும், மாலிக்யூலர் வெயிட் தண்ணி இல்லாதது 216.27, மோனோஹைட்ரேட் 234.29. ஒரு லிட்டர் 5 மில்லிமோலாருக்கு முதல் ஆளு 1.08 கிராம், ரெண்டாவது ஆளு 1.17 கிராம். புது லாட் வந்ததும் லேபிள் பாக்காம பழைய எடையையே போட்டா சுமார் 8 சதவீதம் மாறிடும், அப்புறம் ஆர்டி ஏன் நகர்ந்துச்சுன்னு ஒரு வாரம் இன்வெஸ்டிகேஷன் ஓடும்.

பிஎச் விஷயத்துல ஆர்டர் முக்கியம். முதல்ல ரீஏஜென்டைக் கரைங்க, அப்புறம் பிஎச் வைங்க, கடைசியாத்தான் ஆர்கானிக். டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹைட்ரஜன் சல்ஃபேட் தானே ஒரு ஆசிட், ஹைட்ராக்ஸைடுன்னா செம பேஸ், பிஎச் வெச்ச பிறகு இதைக் கொட்டுனா வெச்ச பிஎச் எங்கயோ போயிடும். அனலைட் (நாம அளக்கற பொருள்) சார்ஜ் ஆகலைன்னா ரீஏஜென்டுக்கு அங்க வேலையே இல்ல, பேஸுக்கு 2.5–3, ஆசிட்டுக்கு 7 பக்கம் வெக்கறது அதுக்குத்தான். சாதா சிலிக்கா காலம்னா 8 தாண்டாதீங்க, சிலிக்கா கரைய ஆரம்பிச்சிடும்.

ரிட்டென்ஷன் பத்தலையா, ரீஏஜென்ட் இன்னும் கொஞ்சம் போடுன்னு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு அளவு வரைக்கும்தான் அது வேலை செய்யும், சர்ஃபேஸ் நிரம்புன பிறகு கூட வர்ற சோடியம் அனலைட்டோட போட்டி போட ஆரம்பிக்கும், ரிட்டென்ஷன் நின்னுடும் இல்ல குறையக்கூட செய்யும். அளவை ஏத்தறதுக்கு பதிலா ஹெக்ஸேன் சல்ஃபோனேட்ல இருந்து சங்கிலி நீளமான ஆக்டேன் சல்ஃபோனேட்டுக்கு மாறிப் பாருங்க. ஆர்கானிக்கா மெத்தனால் எடுத்தா கரையறதும் ஈஸி, அசிட்டோநைட்ரைல் கூடுனா உப்பு வெளிய வந்து நிக்கும். எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசைல் சல்ஃபேட்) போடுறவங்க பொட்டாசியம் பாஸ்பேட் பக்கமே போகக் கூடாது, பொட்டாசியம் டோடெசைல் சல்ஃபேட் பாட்டில்லயே வெள்ளையா படிஞ்சிடும், சோடியம் பாஸ்பேட் எடுங்க.

சாம்பிளை வெறும் தண்ணியிலயோ மெத்தனால்லயோ கரைச்சுப் போட்டா இன்ஜெக்‌ஷன் விழுந்த இடத்துல சமநிலை கலைஞ்சு சம்பந்தமே இல்லாத பீக் வரும், சில நேரம் கீழ்நோக்கியும் வரும், அதை இம்ப்யூரிட்டின்னு நம்பர் போட்டு ரிப்போர்ட் எழுதுறவங்களும் இருக்காங்க. டைல்யூவென்டா மொபைல் ஃபேஸையே எடுங்க. காலம் ஓவன் கட்டாயம், ஏசி ஆன் ஆஃப் ஆனாலே ஆர்டி ஆடும்.

வேலை முடிஞ்சதும் நேரா 100 சதவீத அசிட்டோநைட்ரைலுக்குத் தாவாதீங்க, உப்பு உள்ளயே படியும். முதல்ல தண்ணி–மெத்தனால் 50:50ல நல்லா ஓட்டுங்க. அப்படிக் கழுவுனாலும் முழுசா போகாது, அதனால அந்தக் காலம் மேல மார்க்கர்ல எழுதி அந்த மெத்தடுக்கே ஒதுக்கிடுங்க. சல்ஃபோனேட் ஓடுன காலத்தை வேற மெத்தடுக்கு எடுத்தா பேஸ் காம்பவுண்ட் லேட்டா வரும், ஆசிட் சீக்கிரம் வரும், யாருக்கும் காரணம் புரியாது.

மாஸ் ஸ்பெக் (அயானோட எடையை வெச்சுக் கண்டுபிடிக்கிற டிடெக்டர்) இருக்கிற லைன்ல மட்டும் சல்ஃபோனேட், டெட்ராபியூட்டைல் அமோனியம் ரெண்டையும் விடாதீங்க. முன்னது ஆவியாகாம சோர்ஸ்ல (அயான் உருவாகற பகுதி) படியும், பின்னது பாசிட்டிவ் மோட்ல எம்/இசட் 242ன்னு உக்காந்துட்டு லேசுல எந்திரிக்காது, டியூபிங், டீகாஸர்னு ஒவ்வொண்ணா கழுவணும். அங்க ஹெப்டாஃப்ளூரோபியூட்ரிக் ஆசிட் மாதிரி ஆவியாகறதா பாருங்க, அதுவும் சிக்னலை அமுக்கும்தான். அனலைட் ரொம்ப போலார்னா ஹிலிக் காலத்தை (போலார் பொருளை நிறுத்தற வேற வகை காலம்) முதல்லயே ஒரு தடவை ட்ரை பண்ணிடுங்க, நிறைய மெத்தட்ல ரீஏஜென்டே தேவைப்படாது.