குடி நிறுத்தும் குழுவில் பிடி கொடுக்காமல் உட்காருவது எப்படி

குடியை விட முடிவெடுத்தவர் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. குழு எல்லாம் அப்புறம். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற அளவுக்குக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சிலருக்கு நினைவு தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், வாசலில் யாரோ கத்தியோடு நிற்கிறான் என்பார்கள். காத்து கருப்பு என்று வேப்பிலையைத் தேடுவதற்குள் ஆள் போய்விடலாம். எங்கள் வடசென்னைப் பக்கத்துக்குப் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, 1794 முதல் இருக்கிற கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். ‘கீழ்ப்பாக்கமா?’ என்று தெருவில் நக்கல் அடிப்பார்கள், அடித்துவிட்டுப் போகட்டும். வலிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் 108. ‘மனசு இருந்தா போதும், டாக்டர் எதுக்கு?’ என்று ஒரு குழு சொன்னால், அந்தக் குழுவைப் பற்றி உங்களுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

நான் திருவொற்றியூரில் லேத் ஓட்டுகிறவன். குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது, இன்றைக்கும் குழுவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் குழுக்களே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. 27 ஆய்வுகளை, 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்டவற்றை, சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த மதிப்பாய்வு ஒன்று, குடியை விட்டவர்களே பேர் வெளியே சொல்லாமல் கூடி நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. வழியும் அதற்குள் ஆட்களைக் கொண்டு சேர்க்கும் சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல என்றே சொல்கிறது. ஆனால் குடியை விட வந்தவன் பயந்துபோய் இருப்பான். பயந்தவனை மிரட்டுவது சுலபம். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று ஆரம்பித்து அவன் மாத்திரை, சம்பளம், பெண்டாட்டியோடு பேசுகிற பேச்சு வரைக்கும் கையில் எடுத்துக்கொள்கிற குழுக்கள் இருக்கின்றன. நான் முதலில் போன குழு அப்படிப்பட்டது. பேர் வேண்டாம்.

முதல் வாரத்திலேயே ஒரு ‘முடியாது’ சொல்லுங்கள்

லேத்தில் கடைய வேண்டிய துண்டைச் சக்கில், அதாவது அதைப் பிடித்துச் சுற்றும் பிடியில், மாட்டியதும் நாங்கள் உடனே சுவிட்சைப் போட மாட்டோம். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம், எங்கே இடிக்கிறது என்று. குழுவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்கு மரியாதையாக மறுத்துப் பாருங்கள். ‘இன்னைக்குப் பேசலை அண்ணே, கேட்டுட்டுப் போறேன்.’ ‘நாளைக்கு செகண்ட் ஷிப்டு, வர முடியாது.’ ‘போட்டோ வேண்டாம்.’ நல்ல குழுவில் ‘சரிப்பா, டீ சாப்பிட்டுப் போ’ என்பார்கள். மற்ற இடத்தில் உடனே நோய் கண்டுபிடிப்பார்கள்: உனக்கு அகங்காரம், உனக்குள்ளே குடிகாரன் பேசுறான், இப்படிப் பேசினவன் எல்லாம் இப்ப மண்ணுக்குள்ளே.

இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாகக் கவனியுங்கள். ‘இங்கேயிருந்து போனால் செத்துப்போவாய்’ என்பது மிரட்டல். அதற்கு அனுபவம் என்று பேர் வைத்துச் சொன்னாலும் மிரட்டல்தான். வேறு வழியில் குடியை விட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

‘90 நாளில் 90 மீட்டிங்’ என்று ஒரு கணக்கு சொல்வார்கள். முடிந்தால் போங்கள், கெடுதல் இல்லை. ஆனால் குடியை விட ஒவ்வொருவரும் கடக்க வேண்டியவை என்று ஏ.ஏ. சொல்லும் 12 படிகளிலோ, குழு நடக்க வேண்டிய முறை பற்றி 1950இல் ஏற்றுக்கொண்ட 12 மரபுகளிலோ அப்படி ஒரு வரி கிடையாது. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன் நாள்கணக்கில் கடலில் இருப்பான். கரைக்கு வந்ததும் ‘எங்கே போயிருந்தே, எந்தக் கடையிலே இருந்தே?’ என்று நிற்க வைத்துக் கேட்டால் அவன் மறுபடி வருவானா? மரபுகளில் மூன்றாவது சொல்வது இவ்வளவுதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், நீ உறுப்பினர். இரண்டாவது, பொறுப்பில் இருப்பவர்கள் சேவகர்கள், ஆள்பவர்கள் அல்ல என்கிறது. யாராவது அதிகாரம் காட்டினால் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் சட்டத்தையே அவர்களிடம் காட்டுவது தொழிற்சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்த வித்தை.

மாத்திரை, டாக்டர் விஷயம்

நான் பார்த்ததிலேயே மோசமான வற்புறுத்தல் இதில்தான். குடிநோயோடு மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தே வரும். அதற்கு டாக்டர் மாத்திரை எழுதியிருப்பார். குடி ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் உண்டு. குழுவில் ஒரு சீனியர், ‘மாத்திரை போடுற வரைக்கும் நீ சோபர் கிடையாது, போதையை மாத்திக்கிட்டே, அவ்வளவுதான்’ என்பார். வியாசர்பாடித் தம்பி ஒருவன் இதைக் கேட்டு மனச்சோர்வு மாத்திரையைக் குப்பையில் போட்டான். அடுத்த மாதமே அவனைப் படுக்கையிலிருந்து எழுப்ப முடியவில்லை. அவன் அம்மா கையில் பழைய சீட்டை வைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள்.

ஏ.ஏ. அமைப்பே வெளியிட்ட துண்டுப் புத்தகம், உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைக் குழுவில் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் இருந்தால் சீட்டு எழுதியவரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற பயம் நியாயமானது, அதையும் டாக்டரிடமே கேட்கலாம்.

ஸ்பான்சர், பாவமன்னிப்பு, பிரார்த்தனை

ஸ்பான்சர் என்றால் உங்களுக்கு முன்பே குடியை விட்டவர், ஏக்கம் வரும்போது போன் செய்யலாம். நல்லவர் அமைந்தால் பெரிய பலம். மதியம் 12 மணிக்குக் கடை திறக்கிற நேரத்தில் என் போனை எடுத்துப் பேசியவருக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் 12 படிகளில் ஸ்பான்சர் என்று ஒரு ஆளே கிடையாது. அவர் உங்கள் ஏடிஎம் கார்டை வைத்துக்கொள்வது, எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்வது, பெண்டாட்டியிடம் எதைப் பேசலாம் என்று தீர்மானிப்பது எல்லாம் எங்கேயும் எழுதப்படாத அதிகாரம். சம்பளம் கையில் இருந்தால் கால் தானாகக் கடைக்குப் போகிறது என்றால் பணத்தை வீட்டில் கொடுங்கள். பெண்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: பெண் ஸ்பான்சர் மட்டும்தான். புதிதாக வந்த பெண்ணிடம் ‘தனியாப் பேசலாம்’ என்று வருகிற சீனியர்களுக்கு அந்த வட்டாரத்தில் பட்டப்பேரே உண்டு, 13வது படி ஏறுகிறவன் என்று.

ஐந்தாவது படியில், செய்த தவறுகளை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். ‘இன்னொரு மனிதர்’ என்றுதான் இருக்கிறது. அவர் குழுவுக்குள் இருக்க வேண்டியதில்லை. ரகசியம் காக்கும் கடமை உள்ள கவுன்சிலரிடமோ டாக்டரிடமோ சொல்லலாம். நாற்பது பேர் கூடிய இடத்தில் கொட்டினால் மறுநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரைக்கும் போய்விடும். எங்கள் பழைய குழுவில் ‘சாட்சி’ என்று செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். பேர் வெளியே வராமல் இருப்பதுதான் இந்த இயக்கத்தின் அடிப்படையே, 12வது மரபே அதுதான்.

ஒன்பதாவது படி, பாதிக்கப்பட்டவர்களிடம் பரிகாரம் தேடுவது. பட்டறைப் பித்தளைச் சீவலைப் பழைய இரும்புக் கடையில் போட்டுக் குடித்த ஒருவனை, முதலாளியிடம் போய் இன்றைக்கே ஒப்புக்கொள் என்று தள்ளினார்கள். வேலை போனது, அவன் பேரைச் சொல்லிவிட்டதால் கூட்டாளிக்கும் வேலை போனது. பிறருக்குக் கெடுதல் வரும் என்றால் செய்யாதே என்று அந்தப் படியிலேயே விலக்கு இருக்கிறது. அதை மட்டும் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை.

பிரார்த்தனை. என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், எனக்கும் சாமி இல்லை. பிரார்த்தனை நேரத்தில் எழுந்து நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். இப்போதைய குழுவில் யாரும் கேட்டதில்லை. படிகளிலேயே ‘நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்’ என்றுதான் இருக்கிறது. அமெரிக்காவில் கோர்ட்டும் சிறை அதிகாரிகளும் ஆட்களை இந்தக் கூட்டங்களுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்புகிற வழக்கம் உண்டு. ஹவாயில் ஒரு பௌத்தரை அப்படி அனுப்பியது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2007இல் அங்கே ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறுபடி குடித்துவிட்டால்

ஸ்லிப் ஆகும். பலருக்கு ஆகிறது. சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றைக்கே குடிக்கிறவர்களைப் பார்த்த ஊர்தானே நம்முடையது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் கோயிலில் கயிறு கட்டுவதும் இதே கதைதான். சத்தியம் உடைந்ததும் குற்றவுணர்ச்சி, அதை மறக்க இன்னொரு குவாட்டர். குழு செய்ய வேண்டியது, என்ன நடந்தது என்று கேட்டு, அன்றைக்கே மறுபடி உட்கார வைப்பது. கடைசி வரிசையில் உட்கார், கக்கூஸ் கழுவு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்று தண்டனை கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அவமானப்படுத்தியே திருத்தலாம் என்ற யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு கதை இருக்கிறது. ஏ.ஏ.யில் குடியை விட்ட சார்ல்ஸ் டீடெரிக் என்பவர் 1958இல் சினனான் என்று போதை மறுவாழ்வு அமைப்பைத் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து ஒருவரை எல்லோரும் சேர்ந்து கிழிப்பார்கள், அதற்கு ‘விளையாட்டு’ என்று பேர். பிறகு மொட்டை அடிக்கச் சொன்னார்கள். 1977இல் ஆண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ள வைத்தார்கள். 1978இல் அவர்களை எதிர்த்த வக்கீலின் தபால் பெட்டியில் விஷப் பாம்பைப் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் போலீஸ் டீடெரிக்கைக் கைது செய்தபோது தலைவர் போதையில் இருந்தார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்ற விளம்பரத்தை நம்பிச் சாம்பாரில் எதையும் கலக்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, படபடப்பு, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

ராத்திரியில் வேன் வந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற ‘மறுவாழ்வு இல்லம்’ வேண்டாம். உங்கள் வேதனை புரிகிறது, அடி வாங்கியவர்களுக்குத்தான் அந்த முடிவின் கஷ்டம் தெரியும். ஆனால் 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். தானாகச் சேர்ந்தவர் வெளியே போகிறேன் என்றால் விட வேண்டும், பரிசோதித்து முடிவெடுக்க அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தலாம். மற்றவர் சேர்த்துவிடுவது என்றால் மருத்துவப் பரிசோதனை வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலி போடக் கூடாது, கட்டாய மொட்டை கூடாது, அங்கே வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, போன் பேச உரிமை உண்டு. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் செத்த பிறகும் சங்கிலியைத் தேடிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது. இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், உள்ளே போய்ப் படுக்கும் இடத்தைப் பாருங்கள், எந்த நேரமும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ‘முதல் மாசம் பார்க்க முடியாது’ என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனநல ஆலோசனைக்கு 14416, எந்த நேரமும் எடுப்பார்கள்.

விலகுவது

குழுவை விட்டுப் போக முடிவெடுத்தால், போகும் முன் வேறு ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்று மாலைப் பொழுதுதான் ஆபத்து, குழு நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் எங்கேயாவது உட்கார இடம் வேண்டும். ஸ்டான்லி மனநலப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். வாட்ஸப் குரூப்பில் பெரிய விளக்கம் எழுதாதீர்கள். ‘இனி வரவில்லை, நன்றி’ போதும். வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புங்கள், தொடர்ந்து வந்தால் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுங்கள். ஹால் சாவி உங்களிடம் இருந்தால் திருப்பிக் கொடுத்து, இரண்டு பேர் முன்னால் வாங்கிக்கொண்டேன் என்று சொல்ல வையுங்கள். டீக்காசு பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஐந்தாவது படியில் அதைச் சேர்த்துப் பேசுவார்கள்.