ஈஸ்ட் நொதியை நம்பி அகார்போஸைத் தோற்கடிக்காதீர்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் காலம் வந்துவிட்டால், புதிதாகச் செய்த சால்கோன் வகைச் சேர்மமும் மருந்துவாழ்மலை இலையிலிருந்து பிரித்த ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சேர்மமும் ஒரே சோதனைக்குத்தான் வந்து நிற்கும்: ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் தடுப்பு. அதாவது, சர்க்கரைகளை உடைத்துக் குளுக்கோஸை விடுவிக்கும் நொதியைச் சேர்மம் நிறுத்துகிறதா என்று பார்ப்பது; ஒப்பிட வைப்பது அகார்போஸ் என்ற நீரிழிவு மருந்து. பிப்பெட் பிடிப்பதும் பஃபர் கலக்குவதும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். மாதக்கணக்கான உழைப்பை விழுங்கும் தவறுகள் வேறு.

எந்த நொதி?

"அகார்போஸைவிடப் பல மடங்கு வீரியம்" என்ற வரியை ஆய்வேட்டில் பார்த்ததும் முதலில் நொதி பாட்டிலின் லேபிளைத் தேடுங்கள். பெரும்பாலும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்றிருக்கும். அது ஈஸ்ட், கிளைகோசைடு ஹைட்ரோலேஸ் 13ஆம் குடும்பம். நம் சிறுகுடலின் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸும் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸும் 31ஆம் குடும்பம். வேலை ஒன்றுபோலத் தெரிந்தாலும் வடிவம் வேறு. ஈஸ்ட் நொதியிடம் அகார்போஸ் திணறும், ஐசி50 (நொதியின் வேகத்தைப் பாதியாக்கத் தேவையான செறிவு; குறைந்தால் வீரியம்) நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் வரை போகும். நம்முடையதை ஒத்த எலிக் குடல் நொதியில் அதுவே ஒற்றை இலக்கத்திலோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். பல ஃபிளேவனாய்டுகளின் கதை நேர் எதிர்: ஈஸ்டில் சிங்கம், எலிக் குடலில் மந்தம். தப்பான நொதியைப் பார்த்து இருபது வழிப்பொருள்களைச் செய்து முடித்த பிறகு இது தெரியவருவதுதான் வயிற்றெரிச்சல்.

எலிக் குடல் அசிட்டோன் பொடி வாங்குங்கள். மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் வீதம், பிஹெச் 6.8 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில், பனிக்கட்டி மேல் வைத்துக் கரையுங்கள். சோனிகேட் செய்து, குளிரில் சென்ட்ரிஃபியூஜ் சுற்றி, மேல்நீரை மட்டும் எடுங்கள். மால்டோஸ் கொடுத்து வினை நடத்தி, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து நிறுத்தி, விடுபட்ட குளுக்கோஸை, நிறம் காட்டும் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ் கிட்டால் அளக்கலாம். அகார்போஸ் தன் வழக்கமான ஐசி50இல் வந்து நிற்காத பிளேட்டை (வெல் எனும் சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டு) நம்பவே வேண்டாம்.

இந்தக் கிட்டிலும் ஒரு குழி உண்டு. பாலிஃபீனால்கள் (ஃபிளேவனாய்டுகளும் இவற்றில் சேர்த்தி) பெராக்சிடேஸ் வினையைக் கெடுத்து நிறத்தைக் குறைத்துவிடும். பார்ப்பவருக்கு அது நொதித் தடுப்பாகவே தோன்றும். நொதி இல்லாமல், தெரிந்த அளவு குளுக்கோஸோடு சேர்மத்தைச் சேர்த்துப் பாருங்கள். நிறம் குறைந்தால் தடுக்கப்பட்டது கிட்தான்.

சேர்மம் நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்க்கும் டாக்கிங்கிலும் இதே தவறுதான். புரத வடிவத் தரவகத்தில் 3ஏ4ஏ என்ற குறியீடு ஈஸ்ட் ஐசோமால்டேஸ். மனித நொதி வேண்டுமென்றால் 2க்யூஎம்ஜே. அகார்போஸ் பிணைந்த அமைப்பே அதில் இருக்கிறது.

மஞ்சளுக்குள் மஞ்சள்

மால்டோஸுக்குப் பதில் செயற்கைத் தளப்பொருள் கொடுக்கும் சோதனையில், நொதி விடுவிக்கும் மஞ்சள் பாரா-நைட்ரோஃபீனாலை 405 நானோமீட்டரில் படிக்கிறோம். சால்கோனும் மஞ்சள். ஒவ்வொரு செறிவுக்கும் நொதியில்லாத தனி பிளாங்க் (கழித்துக்கொள்வதற்கான அளவீடு) வேண்டும், அதுவும் சோடியம் கார்பனேட் சேர்த்த பிறகு படித்ததாக. ஹைட்ராக்சில் உள்ள சால்கோன் காரத்தில் இன்னும் அடர்ந்துவிடும். கார்பனேட்டைத் தவிர்க்கவும் முடியாது: பிஹெச் 6.8இல் பாரா-நைட்ரோஃபீனாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மஞ்சளாக இருக்கும்.

வெல்லில் கலங்கல்

பிளேட்டை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கஞ்சித் தெளிவு போல மெல்லிய வெண்மை தெரிந்தால், சேர்மம் திரண்டு நொதியை ஒட்டி இழுத்துக்கொண்டிருக்கலாம். 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். தடுப்பு மறைந்தால் அது மருந்தில்லை, திரட்சி. கொழுப்பை உடைக்கும் லிபேஸ் நொதியின் சோதனைக்கு மட்டும் இந்த வழி ஆகாது. அந்த நொதி வேலை செய்யும் எண்ணெய்-நீர் எல்லையையே டிடர்ஜென்ட் மாற்றிவிடும்.

டிஎம்எஸ்ஓ

சேர்மத்தைக் கரைக்கும் திரவம். ஈரம் குடிக்கும். ஆனிச் சாரலும் ஐப்பசி மழையும் சேர்ந்து பெய்கிற நம் மாவட்டத்தில் திறந்து திறந்து மூடிய ஸ்டாக் கரைசலில் சேர்மம் வீழ்படிந்துவிடும். சிறு குப்பிகளில் பிரித்து வையுங்கள். ஒரு குப்பி, ஒரு நாள். கன்ட்ரோலிலும் அதே சதவீதம் டிஎம்எஸ்ஓ இருக்கட்டும்.

ஆர்லிஸ்டாட்

லிபேஸ் சோதனையில் ஒப்பிட வைக்கும் மருந்து. லிபேஸின் செரின் என்ற அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பு ஏற்படுத்துவது. முன்-இன்குபேஷன் நேரத்தைச் சொல்லாத ஐசி50 வெறும் எண்.

டிரிஸ் பஃபர்

வேண்டாம். டிரிஸே குடல் மால்டேஸைத் தடுக்கும்.